குளிரில் அணையும் பெட்டி

சியோல், நவம்பர் 12, 2015

இல்லை, இன்னும் எதையும் சூடாக்கவில்லை. திட்டம்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். இது பதினோராவது தாள்.

தம்பி தேகியு, இருமல் நின்றதா? அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. எனக்கு ஒன்றும் இல்லை. எனக்கு ஒன்றும் இல்லாததுதான் அம்மாவின் கவலை. மூன்றாவது நேர்காணலும் போயிற்று.

"வீட்ல சும்மாதானே இருக்கே, எனக்குக் கையடக்கமா ஒரு கேம் பெட்டி செஞ்சு வை" என்று எழுதியிருந்தாய். சரி என்று உன் அலமாரியின் மேல்தட்டிலிருந்து அந்த அட்டைப்பெட்டியை இறக்கினேன். சிறிய கணினி போர்டு ஒன்று. மூன்றரை அங்குல ஸ்க்ரீன். ஒரு பொட்டலம் பட்டன். ஒரு பேட்டரி. ஈயத்தை உருக்கிக் கம்பிகளைப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன். அதன் முனையில் கடையில் போட்ட பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. பழையது கெட்டுப்போய்ப் புதிதாக வாங்கினாயா?

ஒவ்வொன்றும் தனியாகச் சிறியது. சேர்த்து வைத்தால் செங்கல். பேட்டரியை போர்டுக்குப் பின்னால் வைத்தால் மூடி மூடாது. பக்கத்தில் வைத்தால் கட்டைவிரல் பட்டனை எட்டாது. தாளில் எல்லாம் பொருந்துகிறது. தாளுக்குத் தடிமன் இல்லை.

எத்தனை பட்டன்? யார் கை அளவுக்கு? எப்போதைக்குள்? ராணுவ முகாமிலிருந்து நீ தொலைபேசியில் பேசும்போது கேட்டால் "பின்னாடி சீனியருங்க நிக்கறாங்க" என்று வைத்துவிடுகிறாய். எழுது.

காலுறை இரண்டு போட்டுக்கொள்.

ஹேவொன்

*

நவம்பர் 22

அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன். அம்மா காலுக்கு ஒத்தடம் குடு. இருமல் போயிடுச்சு. ஏன் தெரியுமா? இப்ப நான் அடுப்பு இருக்கற ரூம்ல இருக்கேன்.

போன மாசம் புதுசா வந்தவங்களை எல்லாம் வரிசையா நிக்க வெச்சு ஒரு சார்ஜென்ட் கேட்டார்: "எவனுக்குடா சால்டர் பண்ணத் தெரியும்?" இங்க கை தூக்கறதுல ஒரு சிக்கல் இருக்கு. பியானோ வாசிக்கத் தெரியுமான்னு கேப்பாங்க. கை தூக்கினவன் பியானோவைத் தூக்கிட்டு மூணு மாடி ஏறுவான். அதனால எவனும் அசையல. நான் தூக்கினேன். நிஜமாவே சால்டர் வேலைதான்! ரேடியோ ரிப்பேர் ரூம். என்கூட வந்தவங்க எல்லாரும் மலை உச்சியில காவல் நிக்கறாங்க. அங்க மைனஸ் பதினெட்டு. பாங்னு ஒருத்தன், என் பக்கத்துப் படுக்கை. கீழ இறங்கி வந்தா அரை மணி நேரம் அவனுக்கு வாய் திறக்க வராது. பேச்சு வந்த உடனே என்னைத்தான் திட்டுவான்.

அந்த சார்ஜென்ட் பேரு பியொன். நல்லவர்தான். "டேய் எஞ்சினியர், இதுக்கு முன்னாடி என்ன செஞ்சிருக்கே?"ன்னார். கையடக்க கேம் பெட்டி செஞ்சிருக்கேன்னு சொன்னேன். "அப்ப எனக்கும் ஒன்னு. பிப்ரவரி 26 எனக்கு சர்வீஸ் முடியுது, வீட்டுக்குப் போறேன். அதைக் கையில வெச்சுக்கிட்டுத்தான் கேட்டைத் தாண்டுவேன். இல்லேன்னா நீ மேல போய் நட்சத்திரம் எண்ணு." சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். ஆனா மேல அனுப்பறது அவர் கையிலதான் இருக்கு.

அதனால, அவர் கை அளவு. தாள்ல வெச்சு வரைஞ்சு இதுகூட அனுப்பியிருக்கேன். பட்டன் எட்டு, மேல் ஓரத்துல ஆள்காட்டி விரலுக்குத் தோள் பட்டன் ரெண்டு.

சால்டர் பண்றது ரொம்ப சுலபம்க்கா. அயர்ன் முனையில ஈயத்தை உருக்கு. மெழுகுவத்தி சொட்டற மாதிரி கம்பி மேல சொட்டு விடு. முடிஞ்சுது. பயப்படாதே.

அம்மாகிட்ட அடுப்பு விஷயம் மட்டும் சொல்லு.

தேகியு

*

சியோல், டிசம்பர் 1

தேகியு,

நீ சூடாக இருப்பது குறித்து அம்மாவுக்கு மகிழ்ச்சி. எனக்கு இடது ஆள்காட்டி விரலில் கொப்புளம். மற்றபடி நலம்.

உன் சார்ஜென்டின் கை வாணலி மாதிரி இருக்கிறது. பதினோரு தாளையும் கிழித்துப் போட்டேன்.

பிளாஸ்டிக் தகட்டில் மூடி வெட்ட எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சேவுன் வளாகத்தில் ஒரு கடை பிடித்தேன். ஒக் என்று ஒரு பெண்மணி நடத்துகிறாள். முதல் மூடியில் ஸ்க்ரூவுக்கு இடம் விட மறந்தேன். இரண்டாவதில் பின்பக்கத்தை முன்பக்கத்திலிருந்து பார்த்தபடி வரைந்துவிட்டேன். கவிழ்த்தபோது எல்லாத் துளையும் எதிர்ப்பக்கம் போய்விட்டது. தோள் பட்டன் வர வேண்டிய இடத்தில் சார்ஜர் துளை. மறுபடியும் போனேன்.

"என்னம்மா, இன்னொரு மூடியா? உள்ள ஏதாவது இருக்கா, இல்ல மூடி மட்டும் சேக்கறியா?"

"இருக்கு."

"என்ன படிச்சே?"

"தத்துவம்."

"அது எத்தனை வோல்ட்?"

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெளியே வந்து படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நீ சொன்னபடியே சொட்டு விடுகிறேன். சொட்டு சில சமயம் உருண்டு மேசையில் விழுகிறது. சில சமயம் கம்பியின் மேல் முத்து மாதிரி உட்கார்ந்துகொள்கிறது. உட்கார்ந்தால் சரிதானா? நாற்பத்திரண்டு இடத்தில் சால்டர் வைக்க வேண்டும். பதினேழு வைத்திருக்கிறேன். ஆன் செய்தேன். எதுவும் வரவில்லை. சார்ஜர் போர்டிலிருந்து மீன் கருகிய வாசனை மட்டும் வந்தது.

அயர்னைப் பற்றிக் கேட்டிருந்தேன். பதில் இல்லை.

நன்றாகச் சாப்பிடு.

ஹேவொன்

*

டிசம்பர் 13

அக்கா,

விரலுக்கு மருந்து போட்டியா? இங்க எல்லாம் நலம். எடை ரெண்டு கிலோ ஏறிடுச்சு.

நீ அவசரப்படறே, அதான் பிரச்சனை. இன்டர்வியூலயும் அப்படித்தான்னு அம்மா சொல்வாங்களே. சொட்டு சரியா விழலேன்னா ஈயத்தைக் கொஞ்சம் அதிகமா எடு. நானும் இங்க அப்படித்தான் பண்றேன், எல்லாம் ஓடுது. ஆமா! ரெண்டு ரேடியோ செட் நானே ரிப்பேர் பண்ணி முடிச்சேன். ஒயர் விட்டுப் போயிருந்தது, அவ்வளவுதான். பேசிப் பாத்தேன், கணீர்னு கேட்டுது. "ஓகே"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ரெண்டும் மேல காவல் கூண்டுக்குப் போயிடுச்சு. பியொன் எனக்கு ஒரு பெட்டி சாக்கோ பை கேக் வாங்கிக் குடுத்தார். பாங் அதுல பாதியைத் தின்னுட்டு, "எஞ்சினியர் சார், என் கூண்டுலயும் ஒரு ஹீட்டர் சால்டர் பண்ணிக் குடுங்க"ன்னான்.

ஜனவரி 10 எனக்கு முதல் லீவு. அதுக்குள்ள முடி. ப்ளீஸ்.

தேகியு

*

சியோல், டிசம்பர் 26

தேகியு,

முதலில் நல்ல செய்தி. விரல் ஆறிவிட்டது. பெட்டி எரிந்தது. தீப்பிடித்து அல்ல, வெளிச்சமாக.

முதலில் விளையாடியது அம்மா.

"இவன் ஏன் பள்ளத்துல விழுந்துகிட்டே இருக்கான்?"

"நீதாம்மா குதிக்க வைக்கணும்."

"எனக்கே குதிக்க முடியல, இவனை எங்க குதிக்க வைக்கிறது?"

ஆனாலும் ஒரு மணி நேரம் கையைவிட்டுத் தரவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டு தரையில் படுத்திருந்தேன். நான் செய்த ஒரு பொருளை இன்னொருவர் பயன்படுத்துகிறார். இதுவரை நடக்காத ஒன்று.

அடுத்து கெட்ட செய்தி. ஒக்கிடம் காட்டலாமென்று எடுத்துக்கொண்டு போனேன். பேருந்து நிறுத்தத்தில் நான்கு நிமிடம். அணைந்துவிட்டது. ஆட்டினேன், திட்டினேன், பட்டனை ஐம்பது முறை அழுத்தினேன். வீட்டுக்கு வந்து, அடியில் சூடேற்றும் தரையில் போட்டேன். அரை மணி நேரத்தில் எதுவுமே நடக்காத மாதிரி எரிந்தது. மறுநாள் பால்கனியில் வைத்துப் பார்த்தேன். அதேதான். வீட்டுக்குள் சாது, வெளியே பிணம்.

குளிரில் பேட்டரி படுத்துவிடும் என்றார்கள். வேறு பேட்டரி வாங்கினேன். அதுவும் அப்படியே. பேட்டரி இல்லை என்றால் எது? நீதான் எஞ்சினியர். சொல். உனக்காக நான் ஒரு நேர்காணலைத் தள்ளி வைத்திருக்கிறேன்.

அங்கே பனி அதிகம் என்று செய்தியில் காட்டினார்கள். பத்திரம்.

ஹேவொன்

*

ஜனவரி 8, 2016

அக்கா,

நல்லா இருக்கேன். நீங்க ரெண்டு பேரும் நலம்னு நம்பறேன்.

லீவு தள்ளிப் போயிடுச்சு. இங்க ஒரு விஷயம். அம்மாகிட்ட பனின்னு சொல்லிடு.

அந்தப் பெட்டி வெளிய எடுத்தா அணைஞ்சு போகுதுன்னு எழுதியிருந்தியே. எத்தனை டிகிரில? எவ்வளவு நேரத்துல? உள்ள கொண்டு வந்தா தானாவே சரியாயிடுதா, இல்ல நீ ஏதாவது பண்ணணுமா? பேட்டரி இல்லைன்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?

உடனே எழுது.

தேகியு

*

சியோல், ஜனவரி 16

தேகியு,

உன் கடிதத்தில் எட்டு வரி. அதில் கேள்விகள் மட்டும் நான்கு. லீவு ரத்தானதற்குக் காரணமாக ஒரு சொல். அம்மா வாங்கி வைத்த மாட்டு விலாவை நாங்களே சாப்பிட்டோம். உடம்பு சரியில்லையா? மறைக்காதே.

உன் கேள்விகளுக்குப் பதில். மைனஸ் ஐந்து. நான்கு நிமிடம். தானாகவே சரியாகிறது. பேட்டரி இல்லை, நிச்சயம்.

எது என்று கண்டுபிடித்துவிட்டேன். மூடியைக் கழற்றிப் பால்கனியில் வைத்தேன். அணைந்ததும் சாப்பிடும் குச்சியால் உள்ளே ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டு வந்தேன். ஒரு சொட்டைத் தொட்டதும் ஸ்க்ரீன் எரிந்தது. குச்சியை எடுத்தேன். அணைந்தது. தொட்டேன். எரிந்தது. அந்தச் சொட்டு மங்கலாக, சாம்பல் நிறத்தில், சொரசொரப்பாக இருந்தது. பிறகு பார்த்தால் நாற்பத்திரண்டும் அப்படித்தான்.

கடைக்காரர்கள் இதை டிரை சால்டர் என்கிறார்கள். ஈயம் கம்பியின் மேல் உட்கார்ந்திருக்கிறது, கம்பியைப் பிடிக்கவில்லை. சூட்டில் எப்படியோ ஒட்டிக்கொண்டிருக்கும். குளிரில் எல்லாம் சுருங்கும்போது மயிரிழை விலகிவிடும். மறுபடி சூடானால் மறுபடி தொட்டுக்கொள்ளும். அறைக்குள் வைத்து எத்தனை முறை சோதித்தாலும் தெரியாது.

காரணம், நீ சொன்ன முறை. சொட்டு விடவே கூடாது. முதலில் அயர்னைக் கம்பியிலும் தகட்டிலும் வைத்து அவை இரண்டையும் சூடாக்க வேண்டும். பிறகு ஈயத்தை அந்த இடத்தில் தொட்டால் அதுவே உருகி ஓடிப் பிடித்துக்கொள்ளும். கண்ணாடி மாதிரி பளபளக்கும். நாற்பத்திரண்டையும் உறிஞ்சி எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். ஐந்து நாள் ஆயிற்று. ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு தரம் உன்னைத் திட்டினேன்.

இதைச் செய்த எவனும் சொட்டு விடச் சொல்ல மாட்டான். ஒரே ஒரு கேள்வி. நீ இதற்கு முன் எதையாவது சால்டர் செய்திருக்கிறாயா?

ஹேவொன்

*

ஜனவரி 30

அக்கா,

உடம்பு நல்லா இருக்கு. எனக்கு ஒன்னும் ஆகல. எனக்கு இல்ல.

மூணு தடவை எழுதிக் கிழிச்சுட்டேன்.

இல்லக்கா. செஞ்சதில்ல. ஒரு வீடியோ பாத்தேன். அதுவும் பாதி. அந்த அட்டைப்பெட்டி சாமானை வாங்கி வெச்சு மூணு வருஷம் ஆச்சு, திறக்கவே பயமா இருந்தது. பாழாக்கிடுவேனோன்னு. ஃப்ரெண்ட்ஸ்கிட்ட செஞ்சுட்டேன்னு சொல்லிட்டேன். சொல்லிச் சொல்லி எனக்கே செஞ்ச மாதிரி ஆயிடுச்சு.

ஜனவரி 2, பாங்கும் இன்னொருத்தனும் மேல ரெண்டாம் கூண்டுல நின்னாங்க. பனி கொட்டிப் பாதை மூடிடுச்சு. மாத்த வேண்டிய ஆளுங்க ஏற முடியல. கூண்டுல ரேடியோ செத்துப் போச்சு. கீழ இருக்கறவங்க, ஏதாவது அவசரம்னா கூப்பிடுவாங்கன்னு நினைச்சுட்டாங்க. பாங் பூட்ஸுக்குள்ள தண்ணி போயிருந்தது. ஆறு மணி நேரம். இடது கால்ல ரெண்டு விரலை எடுத்துட்டாங்க.

செட்டைக் கீழ கொண்டு வந்து அடுப்புப் பக்கத்துல வெச்சோம். கணீர்னு பேசிச்சு. பியொன் "பேட்டரி உறைஞ்சு போச்சு"ன்னு ரிப்போர்ட் எழுதினார். எல்லாரும் நம்பிட்டாங்க. நானும் நம்பினேன். உன் டிசம்பர் கடிதம் வர்ற வரைக்கும்.

பாங் ஆஸ்பத்திரிலேர்ந்து எழுதியிருக்கான். "இனிமே என் பூட்ஸை எவனும் திருட மாட்டான்டா எஞ்சினியர்"னு.

ஏழு செட்டு நான் பண்ணியிருக்கேன். ஏழும் சொட்டு.

சொன்னா என்னை மேல அனுப்புவாங்க. அதுகூடப் பரவாயில்ல. பாங்குக்குத் தெரிஞ்சுடும். அதுதான் முடியல. அம்மாகிட்ட சொல்லாதே. யார்கிட்டயும் சொல்லாதே. நானே பாத்துக்கறேன்.

பெட்டியை மட்டும் அனுப்பு.

தேகியு

*

சியோல், பிப்ரவரி 4

தேகியு,

அம்மா நலம். அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

நீ பயந்தவன் என்று எனக்குத் தெரியும். நானும்தான். எழுதி முடித்த விண்ணப்பங்களை அனுப்பாமல் வைத்திருப்பவள் நான். ஆனால் நான் அனுப்பாத விண்ணப்பத்தால் யார் காலும் போகவில்லை.

பியொனிடம் சொல். நாளைக்கல்ல, இதைப் படித்த உடனே. நல்லவர் என்று நீயே எழுதினாய்.

அதோடு, அந்த ஏழையும் எடு. அயர்ன் முனையை ஈரப் பஞ்சில் துடை. கம்பியிலும் தகட்டிலும் ஒருசேர வை. மனதுக்குள் மூன்று வரை எண்ணு. ஈயத்தை அயர்னில் தொடாதே, கம்பியில் தொடு. ஓடும். முதலில் ஈயத்தை எடு, பிறகு அயர்னை. ஆறும்வரை அசைக்காதே. பளபளக்கவில்லை என்றால் சரியில்லை. மறுபடி செய். பிறகு இரவு முழுக்க வெளியே வைத்துவிட்டுச் சோதி.

நீ சொல்லும்வரை பெட்டி இங்கேதான் இருக்கும். அது முடிந்துவிட்டது. நன்றாக இருக்கிறது. அதனால்தான் தர மனமில்லை.

திங்கட்கிழமை சந்திரப் புத்தாண்டு. அரிசிக்கேக் சூப் உனக்கும் கிடைக்கும் என்று நினைக்கிறேன். அதைக் குடித்தால் ஒரு வயது கூடுகிறது, தேகியு.

அக்கா

*

பிப்ரவரி 18

அக்கா,

நலம். சூப் குடுத்தாங்க, ஆறிப் போயிருந்தது. உனக்கு உடம்பு எப்படி இருக்கு?

மேல இருந்த செட்டும் செக் பண்ணக் கீழ வந்திருந்தது. நீ எழுதின மாதிரியே பண்ணேன். செட்டு மேல இருக்கற நம்பர்படி ஒன்னு, ரெண்டு, மூணு, இந்த மூணையும் முடிச்சுட்டேன். முதல் தடவையா ஈயம் தானாவே ஓடிப் பிடிச்சுக்கிச்சு. பளபளன்னு! வெளிய பனியில வெச்சுப் பாத்தேன். மைனஸ் பதினாறுலயும் பேசுது. நிஜமா செஞ்சேன்க்கா. சத்தியமா.

ஆனா நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, இந்த நாலையும் உறைக்குள்ள போட்டு முத்திரை வெச்சாச்சு. என் கையெழுத்துதான். பிரிக்கணும்னா காரணம் எழுதணும். பியொன்கிட்ட சொல்லப் போனேன். "என்னடா எஞ்சினியர், என் பெட்டி வந்துடுச்சா?"ன்னார். வரும் சார்னு சொல்லிட்டுத் திரும்பிட்டேன்.

அந்த நாலும் 23ஆம் தேதி, செவ்வாய் காலையில மேல போகுது. வெயில் வருதுன்னு சொல்றாங்க, அவ்வளவு குளிராது. 26ஆம் தேதி அவர் போனதும் ரூம் என் பொறுப்பு. அப்புறம் ஒவ்வொன்னா சத்தமில்லாம இறக்கிச் சரி பண்ணிடுவேன். ஒரு வாரம். பத்து நாள். யாருக்கும் தெரிய வேண்டாம். இவ்வளவு நாள் நீ எனக்காகச் செஞ்சே, இதையும் செய். பேசாம இரு.

இது கிடைச்ச உடனே பெட்டியை அனுப்பினா அவருக்குக் கிடைச்சுடும்.

தேகியு

*

சியோல், பிப்ரவரி 22

தேகியு,

நீ நலமா என்று கேட்க வேண்டிய இடம் இது.

உன் கடிதம் இன்று மதியம் வந்தது. இன்று திங்கள். நான்கு நாள் ஆகியிருக்கிறது. இப்போதே ஓடிப்போய் அஞ்சல் பெட்டியில் போட்டாலும் இது உனக்கு வெள்ளிக்கிழமை கிடைக்கும். வெள்ளிக்கிழமை உன் சார்ஜென்ட் கேட்டைத் தாண்டிப் போகிறார். செட்கள் நாளைக் காலை போகின்றன.

வெயில் வரும் என்று எழுதியிருக்கிறாய். செய்தியில் நாளை இரவு மலைப்பகுதியில் மைனஸ் பதினான்கு என்றார்கள். நீயும் கேட்டிருப்பாய்.

பெட்டி பால்கனியில் இருக்கிறது. மூன்று மணி நேரமாக. அணையவில்லை.

மூன்று செட்டை நீ செய்தது எனக்குப் பெருமை. அதை முதலில் எழுதியிருக்க வேண்டும். உன் மேல் கோபம் என்று நினைக்காதே. கோபம்தான். ஆனால் நான் செய்யப்போவது அதனால் அல்ல. நாளை இரவு அங்கே நிற்கப்போகிறவனின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவனுக்கும் வீட்டில் யாராவது

*

ஹேவொன் கடிதத்தை அத்தோடு விட்டாள். கோட்டை மாட்டிக்கொள்ளாமலே பால்கனிக்குப் போய், தம்பியின் ராணுவப் பிரிவு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தாள். எடுத்தவரிடம் தன் பெயரையும் தம்பியின் பெயரையும் சொன்னாள். பிறகு மறுநாள் காலை மேலே போகவிருக்கும் ரேடியோ செட்கள் குளிரில் அணைந்துவிடும் என்று சொல்லி, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு என்று எண்களைக் கொடுத்தாள். அவர் எழுதிக்கொள்ளும்வரை காத்திருந்து இன்னொரு முறை சொன்னாள்.